ஆஸ்பத்திரிக்கு எதிராக நான் எழுதிய இருநூற்றுப் பதின்மூன்று மனுக்கள்

மதிப்பும் மரியாதையும் மிக்க வார இதழ் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

அரசு ஆஸ்பத்திரிக்கு எதிர்வீட்டில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தட்டச்சர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் என் தட்டச்சு இயந்திரமும் நலம். அங்கே தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சகத்தில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நலமாக இல்லையென்றால் எங்கே போக வேண்டும் என்பதைச் சென்ற இதழின் மூன்றாம் பக்கத்தில் தாங்களே முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றாம் பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

‘ஆஸ்பத்திரி தந்த அண்ணல்’ என்று தலைப்பு. அதன் கீழே என் படம். படத்தில் நான் புன்னகைப்பதாக எழுதியிருக்கிறது. நான் புன்னகைக்கவில்லை ஐயா. தங்கள் நிருபர் “சார், ஒரு நிமிஷம் அப்படியே இருங்க” என்றபோது எனக்குத் தும்மல் வந்துகொண்டிருந்தது; அது வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார். இதழ் வெளிவந்த நாளிலிருந்து தெருவில் தலைகாட்ட முடியவில்லை. முடி திருத்துபவர், நாற்காலியில் இருந்த ஆளைப் பாதிச் சவரத்தோடு எழுப்பி ஓரமாக நிறுத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். முன்பின் தெரியாத ஒரு பெண் கைக்குழந்தையை என் மடியில் போட்டு, “நீங்கதான் பேர் வைக்கணும்” என்றாள். குழந்தைக்கு அதில் சம்மதமில்லை என்பதை என் மடி சற்று நேரத்தில் உணர்ந்தது. முதுகுக்குப் பின்னால் ‘மனு சார், மனு சார்’ என்று கேலி செய்துகொண்டிருந்த ஊர், இப்போது முகத்துக்கு நேரே கும்பிடுகிறது. கேலி பழகிவிட்டது. இதுதான் தாங்க முடியவில்லை.

ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆஸ்பத்திரியை நான் கொண்டுவரவில்லை. இருபத்தேழு வருடங்களாக இதை இங்கிருந்து கிளப்புவதற்கு என்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தவன் நான். ‘இருநூற்றுப் பதினான்கு மனுக்கள் எழுதி’ என்று தாங்கள் போட்டிருப்பதும் தவறு. மனுக்கள் இருநூற்றுப் பதின்மூன்று. மிச்சம் ஒன்று நன்றிக் கடிதம். அதனால் விளைந்த கேட்டைப் பிறகு சொல்கிறேன்.

நில அளவை அலுவலகத்தில் எனக்கு வேலை. ஒரே அறையில் ஆறு தட்டச்சு இயந்திரங்கள். காலையிலிருந்து மாலை வரை தகரக் கூரையில் கல்மழை பெய்கிற சத்தம். அதிலிருந்து தப்பத்தான் ஊர்க்கோடியில், ஈ காக்கை இல்லாத இடமாகப் பார்த்து வீடு வாங்கினேன். எதிரே அரசாங்கத்தின் பழைய உரக் கிடங்கு பூட்டிக் கிடந்தது. இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை ஜீப் ஒன்று வந்து நின்றது. ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, கதவில்லாத மருந்து அலமாரி, ஒரு கம்பவுண்டர், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு டாக்டரம்மா எல்லாரும் இறங்கினார்கள். வாரத்தில் மூன்று நாள் மருந்து கொடுக்கப் போகிறார்களாம். “உர நாத்தம் குடலைப் புடுங்குதே, இங்கயாம்மா?” என்று கம்பவுண்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டது என் ஜன்னல் வரை கேட்டது. “நாத்தம் போயிடும். இடம் போனா வராது” என்றார் டாக்டரம்மா. இவர்கள் சீக்கிரம் கிளம்ப மாட்டார்கள் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

மறுவாரமே தெரிந்துவிட்டது. கிடங்கில் உட்கார இடமில்லாததால் வந்தவர்களெல்லாம் என் வீட்டுப் படியில் உட்கார்ந்தார்கள். ஐந்தரை மணிக்கே கதவைத் தட்டுவார்கள். “ஐயா, டாக்டரம்மா வந்தாச்சா?” “ஐயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி.” “ஐயா, இந்தப் பிள்ளையைச் சித்த பாத்துக்குங்க, என் இடம் போயிடும்.” ஒரு நாள் அலுவலகத்துக்குக் கிளம்பி வெளியே வந்தால், என் செருப்புகளைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஒருவர் படுத்திருக்கிறார்; உடம்பு அனலாகக் கொதிக்கிறது. எழுப்பினால் பாவம், எழுப்பாவிட்டால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை. வெறுங்காலோடு போனேன். அன்று மாலை முதல் மனுவைத் தட்டினேன். நாள் ஒன்றுக்கு நூற்றிருபது பேர் வருகிற இடத்தில் உட்காரக்கூட வசதி இல்லை, இப்படிப்பட்ட நிலையத்தை நடத்துவதே முறையற்றது, உடனே மூட ஆவன செய்ய வேண்டும் என்று மூன்று பக்கம். சுகாதாரத் துறை மேலதிகாரி கடைசிப் பக்கம் வரை படிக்கவில்லை போலிருக்கிறது. ‘நூற்றிருபது பேர்’ என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டார். இருபதாவது நாள் உத்தரவு வந்தது: காத்திருப்போர் கூடம் ஒன்று, வாரத்தில் ஆறு நாள் சிகிச்சை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

டாக்டரம்மா உத்தரவை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். “சார், நீங்க எழுதினதாலதான் கெடச்சுது. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.” குத்திக்காட்டுகிறாரா, மனதாரச் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. என் மனைவி அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாள். அந்தத் தேநீரை நான் அன்றே தடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது மனு தண்ணீரைப் பற்றி. ஊசிகளைக் கொதிக்க வைக்கக் கம்பவுண்டர் என் வீட்டு அடுப்பங்கரைக்கு வந்துகொண்டிருந்தார். குழாய்கூட இல்லாத இடம் ஆஸ்பத்திரியா என்று கேட்டேன். குழாய் போட வந்தார்கள். போட்டது ஆஸ்பத்திரிக்கு, பள்ளம் வெட்டியது என் வாசலில். ஆறு வாரம் பலகை மேல் நடந்தோம். ஏழாவது வாரம் பலகை வழுக்கி, கையில் கோப்போடு நான் பள்ளத்துக்குள் போனேன். கணுக்கால் வீங்கிப் பூசணிக்காயாயிற்று. கம்பவுண்டரும் இன்னும் நான்கு பேரும் என்னைத் தூக்கிக்கொண்டு நேரே எதிர்க் கட்டடத்துக்குப் போனார்கள். ஆக, அந்த நிலையத்தில் முதன்முதலாகப் படுத்துச் சிகிச்சை பெற்ற நோயாளி என்ற அவப்பெயரும் எனக்குத்தான். படுத்தது கட்டிலில் அல்ல, நான்கடி பெஞ்சில். நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். மீதிக் காலைக் கம்பவுண்டர் மடியில் வைத்துக்கொண்டு, “சார், ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கட்டு உலர்வதற்குள் மூன்றாவது மனுவை மனதுக்குள் தட்டி முடித்துவிட்டேன். கட்டில் இல்லாத ஆஸ்பத்திரியை இழுத்து மூடுங்கள் என்றேன். பத்துக் கட்டில்கள் வந்தன. கட்டில் வந்ததும் செவிலியர் வந்தார்கள், செவிலியர் வந்ததும் சமையலறை வந்தது, சமையலறைப் புகை என் மாடிக்கு வந்தது.

எல்லாவற்றையும் எழுதினால் தங்கள் இதழில் இடம் போதாது. ஜீப்பை மட்டும் சொல்கிறேன். நோயாளிகளைக் கொண்டுவர ஒரு கிழட்டு ஜீப் கொடுத்திருந்தார்கள். கிளப்பினால் தெருவே இருமும். ஹாரன், தொண்டை கட்டிய வாத்து. விசாலமான முற்றத்தில் அதை நிறுத்த வேறு இடமே கிடைக்காதது போல, என் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக, மூக்கை என் பக்கம் நீட்டி நிறுத்துவார்கள். மூன்று மாதத்தில் ஒன்பது மனு அனுப்பினேன். ஒன்பதாவதற்குப் பதிலாகப் புத்தம்புதிய வண்டி வந்தது. உள்ளே பிராணவாயு, படுக்கை, எல்லாம். அதை மட்டும் முற்றத்தின் அந்தக் கோடியில், மரத்தடியில் நிறுத்தினார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஒன்பதாம் வருடம் அறுவைச் சிகிச்சைக் கூடம் கட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். கட்டினால் என் வீட்டுக்கு வெயில் வராது. இந்த முறை உணர்ச்சிவசப்படாமல், சட்டப்படி மடக்குவது என்று முடிவு செய்தேன். ஓர் அறுவைக் கூடத்துக்கு என்னென்ன தேவை என்று ஒரு புத்தகத்தைப் பார்த்துப் பதினான்கு இனங்களைப் பட்டியல் போட்டேன். (புத்தகத்தை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தவள் என் மனைவி.) நான்காவது, மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். ஏழாவது, ரத்தம் சேமிக்கும் குளிர்பெட்டி. பதினொன்றாவது, மின்சாரம் போனால் தானே ஓடும் ஜெனரேட்டர். இவற்றில் ஒன்றுகூட இல்லாத ஊரில் கூடம் கட்டுவது வெட்டி வேலை என்று எட்டுப் பக்கம் தட்டினேன். என் பணிக்காலத்திலேயே அவ்வளவு சுத்தமாக ஒன்றைத் தட்டியதில்லை. பதில் வந்தது: ‘மனுதாரர் சுட்டிக்காட்டிய பதினான்கு குறைகளும் கூடம் திறக்கப்படுவதற்கு முன் நிவர்த்தி செய்யப்படும்.’ செய்துவிட்டார்கள் ஐயா. வரிசை எண் மாறாமல் செய்துவிட்டார்கள்.

கூடம் திறந்து நான்கு மாதம் இருக்கும். என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது என்று நாங்கள் அசட்டையாக இருந்தோம். ஒரு மத்தியானம், நல்ல மழை, நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்து “அப்பா” என்று ஒரு குரல். அந்தக் குரலில் அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை. போய்ப் பார்த்தால் தரையெல்லாம் ரத்தம். பெரிய நகரத்துக்குப் பேருந்தில் மூன்று மணி நேரம். அன்றைய மழையில் பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடியது. எதிர்ப்புற ஆஸ்பத்திரி இருபத்தைந்து அடி தூரம். நானும் என் மனைவியும் அவளைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினோம். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளை அறுவைக் கூடத்துக்குள் கொண்டுபோனார். கதவு மூடிக்கொண்டது. சற்று நேரத்தில் மின்சாரம் போயிற்று. நடைவழி இருட்டில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எங்கோ பின்கட்டில் ஒரு இருமல், பிறகு ஒரு உறுமல், விளக்கு வந்தது. ஒரு செவிலி குளிர்பெட்டி அறையிலிருந்து இரண்டு பைகளைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடினாள். நின்றபடியே இரண்டு மணி நேரம் இருந்தேன். அந்த நடைவழியில் எத்தனையோ குறைகள் இருந்திருக்கும். அன்றைக்கு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்தார். முகத்தில் வேர்வை. “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க சார். பொண்ணு.” பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “நாலு, ஏழு, பதினொண்ணு. மூணும் சரியா வேலை செஞ்சுது” என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மூன்றையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் என் கையைப் பிடித்து, “உட்காருங்க சார்” என்று ஒரு பெஞ்சைக் காட்டினார். அது நல்ல நீளமான பெஞ்சு. அந்தப் பேத்திக்கு இப்போது பதினெட்டு வயது. வளர்த்தியிலும் என்னை மிஞ்சிவிட்டாள், எதிர்வாதத்திலும் மிஞ்சிவிட்டாள்.

அவள் பிறந்த மறுநாள்தான் அந்த நன்றிக் கடிதத்தை எழுதித் தொலைத்தேன். நன்றிக் கடிதம் நான் அதற்குமுன் தட்டியதில்லை; எங்கே ஆரம்பிப்பது, எதை அடிக்கோடிடுவது என்றே தெரியவில்லை. மனதில் இருந்ததை எழுதினேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் இல்லை, மக்கள் மிகுந்த மனநிறைவோடு இருக்கிறோம் என்று. அடுத்த மாதமே உத்தரவு வந்தது. ‘மேற்படி ஊரில் குறைகள் ஏதும் இல்லை எனத் தெரியவருவதால்’ மயக்க மருந்து மருத்துவரையும் இரண்டு செவிலியரையும் குறைகள் உள்ள வேறோர் ஊருக்கு மாற்றிவிட்டார்கள்! டாக்டரம்மா அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்த வேகத்தில் செருப்பு ஒன்று நடுவீதியிலேயே நின்றுவிட்டது.

“என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க?”

“நன்றி சொன்னேன்மா.”

“யார் உங்களைச் சொல்லச் சொன்னா? நன்றி வந்தா ஃபைலை மூடிடுவாங்க சார். நான் கேட்டா அது கோரிக்கை, அலமாரியில வச்சிடுவாங்க. நீங்க எழுதினா அது புகார். புகாருக்கு முப்பது நாளில பதில் சொல்லியே ஆகணும். உங்களுக்குக் கோடி புண்ணியமாப் போகும், இனிமே வாழ்க்கையில நல்ல வார்த்தை எழுதாதீங்க.”

மாற்றிய மூவரையும் திரும்பக் கொண்டுவரப் பதினோரு மனு பிடித்தது. ஆகவே ஐயா, இந்த ஆஸ்பத்திரிக்கு நான் செய்த ஒரே தீங்கு, அதை ஒரு தடவை பாராட்டியதுதான். அதன் பிறகு நான் உதவி செய்துகொண்டிருந்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குறை இருந்தது, எழுதினேன். குழந்தைகள் பிரிவின் சுவரில் ஓதம் என்று எழுதினேன். புதுக் கட்டடம் வந்தது. எக்ஸ்ரே எடுக்க வந்தவர்கள் வெயிலில் நிற்கிறார்கள் என்று எழுதினேன். தனிப் பிரிவே வந்தது. ஒரு மேசையோடு இறங்கியவர்கள் இன்று நூற்றிருபது கட்டிலோடு மூன்று தளத்தில் நிற்கிறார்கள். எனக்கு வெயில் சுத்தமாகப் போய்விட்டது. துணி காயப்போட மனைவி ஆஸ்பத்திரி மொட்டைமாடிக்குத்தான் போகிறாள்.

சென்ற மாதம் டாக்டரம்மா பணி ஓய்வு பெற்றார். நடுவில் இரண்டு முறை மாற்றலாகிப் போய், இரண்டு முறையும் கேட்டு வாங்கித் திரும்பி வந்தவர். பிரிவுபசார விழாவில் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அங்கேதான் கம்பவுண்டர், பல வருடமாக ஓய்வில் இருப்பவர், மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குண்டைப் போட்டார்.

“இத்தனை நாள் சொல்லாததை இன்னைக்குச் சொல்லிடறேன். அந்தப் பழைய ஜீப்பை மனு சார் ஜன்னலுக்கு நேரா நிறுத்தச் சொன்னது டாக்டரம்மாதான். விடியக்காலையில மூணு தடவை ஹாரன் அடிக்கச் சொன்னதும் அவங்கதான். புது வண்டி வேணும்னா வேற வழியில்லைன்னாங்க!”

கூட்டம் கைதட்டியது. நான் பக்கத்தில் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு இது தெரியுமா?”

“எனக்குத் தெரியாம எப்படி? உங்களுக்கு ஹாரன் சத்தம் ஆகாதுன்னு நான்தானே சொன்னேன்.”

“அப்போ அந்தப் புத்தகம்?”

“டாக்டரம்மாதான் குடுத்தாங்க. உங்களுக்குக் கோபம் வந்தாத்தானே விரல் ஓடும்?”

நாற்பத்து நான்கு வருடம் குடும்பம் நடத்தியவள் ஐயா. இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. மூன்றாம் நாள் டாக்டரம்மா விடைபெற வந்தார். வழக்கமான நாற்காலி, வழக்கமான தேநீர்.

“சார், கோபமா?”

“உங்க மேல புகார் எழுதப் போறேன். இருபத்தேழு வருஷம் ஒரு மனுஷனை ஏமாத்தினதுக்கு.”

“தாராளமா எழுதுங்க சார். அதுலயே மூணாவது மாடிக்கு லிஃப்ட் இல்லைன்னு ஒரு வரி சேர்த்துடுங்க.”

சேர்த்துவிட்டேன். லிஃப்ட் வேலை நேற்று ஆரம்பித்திருக்கிறது. சத்தம் காதைப் பிளக்கிறது.

அந்த விழாவுக்கு வந்திருந்த தங்கள் நிருபர் கம்பவுண்டர் பேச்சில் பாதியைக் கேட்டுக்கொண்டு போய் என்னை அண்ணலாக்கிவிட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் கடைசிப் பத்தியில் ‘இன்று எல்லா வசதிகளும் நிறைந்து விளங்கும் நம் ஆஸ்பத்திரி’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மேலிடத்தில் யாராவது படித்துவிட்டால் என்ன ஆகும்? பெண்கள் பிரிவில் மூன்றாவது ஜன்னல் சாத்துவதில்லை. மருந்து கொடுக்கும் இடத்தில் வயதானவர்களுக்குத் தனி வரிசை இல்லை. சரிவுப் பாதை செங்குத்தாக இருக்கிறது. சக்கர நாற்காலி தானாக இறங்கித் தெருவுக்கு வருகிறது. எனவே அடுத்த இதழில், முதல் பக்கத்திலேயே, ‘மேற்படி நபர் ஆஸ்பத்திரியை உருவாக்கியவர் அல்லர், வசதிகளும் நிறையவில்லை’ என்று மறுப்பு வெளியிட வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் இதழும் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் தழைக்கட்டும். இருமல் வந்தால் அசட்டை செய்யாமல் இங்கே வாருங்கள். ஒன்பதாம் எண் அறையில் நன்றாகப் பார்க்கிறார்கள். (இந்த வாக்கியத்தைப் பிரசுரிக்க வேண்டாம்.)

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எதிர்வீட்டுத் தட்டச்சர்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும் சமயம் ஆஸ்பத்திரியின் புதிய தலைமை மருத்துவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். இளைஞர், இன்னும் நிதானம் வரவில்லை. சுகாதார இயக்குநர் தங்கள் மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டாராம். வருகிற வியாழக்கிழமை, ஆஸ்பத்திரியை உருவாக்கிய பெரியவரை நேரில் பார்க்க வருகிறாராம். “அவருக்கு இன்னும் என்ன ஆசை இருக்குன்னு கேட்டு வைங்க, முடிஞ்சதைச் செய்வோம்” என்று தொலைபேசியில் சொன்னாராம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரம் இங்கே இல்லை. பதினோரு பேர் வாரத்துக்கு இரண்டு நாள் முதல் பேருந்தில் நகரத்துக்குப் போய், வாடிய கீரையாகத் திரும்பி வருகிறார்கள். இதற்காக நான் போட்ட ஏழு மனுவுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றுதான் பதில். இந்த மாதம் அந்தப் பேருந்தில் பன்னிரண்டாவதாக நம் கம்பவுண்டரும் ஏறுகிறார் என்று என் மனைவி இப்போதுதான் சொன்னாள். அந்த ஆள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகவே ஐயா, எந்த மறுப்பும் வெளியிட வேண்டாம். இந்த ஆஸ்பத்திரியை உருவாக்கியவன் நான்தான். முதல் நாளிலிருந்தே நான்தான். மூன்றாம் பக்கத்தில் இருபது பிரதி புதன்கிழமைக்குள் அனுப்பி வைக்கவும். மேலே எழுதியிருப்பது முழுவதும் தட்டச்சுப் பிழை.